மலையேறிய கம்பி – 23: இலக்கம் தீர்ந்தபின் வந்தவர்கள்

சிடிஎம்ஏ தொலைபேசி லயக் காம்பிராவுக்குள் நுழைந்ததோடு சென்ற இதழ் முடிந்தது. கைபேசிக்கும் இணையத்துக்கும் போகும் முன் கொஞ்சம் பின்னால், 2003க்குப் போய்வர வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டில் நாட்டின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் ஒரே அச்சுக்கு வந்தன. பிரதேசக் குறியீடு மூன்று இலக்கம், அதன்பின் ஏழு. ஹட்டன் பக்கம் 051, நுவரெலியா பக்கம் 052. ஸ்ரீ லங்கா டெலிகொம் இணைப்பென்றால் 2, சன்டெல் என்றால் 4, லங்கா பெல் என்றால் 5 என்று பழைய எண்ணுக்கு முன்னால் ஓர் எண் வந்து ஒட்டிக்கொண்டது. தோட்ட ஆபீஸ், வங்கிக்கிளை, பாடசாலை, நகரத்துப் புடவைக்கடை என்று எல்லாரும் கடிதத்தலைப்பையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் மாற்றி அடித்தார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு அந்த ஆண்டு நல்ல பிழைப்பு இருந்திருக்கும்.

(அதே 2003இல்தான் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. 1948இல் பறிபோனதில் மிச்சமிருந்தவர்களின் கணக்கைத் தீர்க்க 55 ஆண்டுகள். தொலைபேசிக்கு இலக்கம் மாறிய ஆண்டிலேயே தோட்டத்து ஆளுக்கு நாடு கிடைத்தது என்பதை வரலாற்றுத் தொடர் எழுதுகிறவனால் சொல்லாமல் கடக்க முடியவில்லை.)

தொலைபேசி இலக்க மாற்றம் பெரிய தலைவலி இல்லாமல் நடந்ததற்குக் காரணங்கள் உண்டு. உத்தரவு போட ஓர் ஆணைக்குழு இருந்தது. நாள் குறிக்கப்பட்டது. வேலை முழுவதும் தொலைபேசி நிறுவனங்களின் பரிவர்த்தனை நிலையங்களுக்குள் முடிந்தது. வீட்டிலிருந்த கருவியை யாரும் தொடவில்லை. இந்த இதழில் நாம் பார்க்கப்போகும் மாற்றத்துக்கு இந்த வசதிகள் ஒன்றுகூட வாய்க்கவில்லை. இணையத்தின் முகவரி முறை மாறிக்கொண்டிருக்கிறது. பழையது ஐபிவி4, புதியது ஐபிவி6. முப்பது ஆண்டாக மாறுகிறது, இன்னும் முடிந்தபாடில்லை.

இணையத்திலும் ஒருமுறை நாள் குறித்து மாற்றியிருக்கிறார்கள். இன்றைய இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று பழைய நெறிமுறையைக் கைவிட்டு இன்றைய இணைய நெறிமுறைக்கு வந்தது. அந்த வலையமைப்பின் பொறியாளர்களில் ஒருவரான ஜொன் போஸ்டல் 1981 நவம்பரிலேயே மாற்றத்திட்டத்தை எழுதிச் சுற்றுக்கு விட்டிருந்தார். அப்படியும் பல நிறுவனங்கள் அசையவில்லை. ஆகவே 1982இன் நடுப்பகுதியில் போஸ்டலும் சக பொறியாளர் வின்ட் செர்ஃபும் ஒருநாள் முழுக்கப் பழைய நெறிமுறையை அடைத்துவைத்தார்கள். இலையுதிர்காலத்தில் இரண்டு நாள். அதற்குப்பின்தான் தூங்கியவர்கள் எழுந்தார்கள். மாற்றம் முடிந்ததும் ‘தப்பிப் பிழைத்தேன்’ என்ற பொருளில் சட்டையில் குத்தும் பட்டன்கூட அடித்துக் கொடுத்தார்கள். மொத்தமே சில நூறு கணினிகள். அந்தச் சில நூறுக்கே அவ்வளவு பாடு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1983 என்றால் இந்த மலைகளுக்கு நினைவு வருவது ஜனவரி அல்ல, ஜூலைக் கலவரம். அதற்குத் தனி அத்தியாயம் உண்டு.

அந்த நெறிமுறையில் முகவரிக்கு 32 பிட் ஒதுக்கியிருந்தார்கள். கணக்குப் போட்டால் சுமார் 429 கோடி முகவரி. விதிமுறை 1981 செப்டம்பரில் வெளியானபோது உலக மக்கள்தொகை அதைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. ஆளுக்கு ஒன்றுகூட வராது என்று அப்போதே கூட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் அது பல்கலைக்கழகங்களும் இராணுவ ஆய்வுக்கூடங்களும் செய்துபார்த்த பரிசோதனை. பரிசோதனைக்குள் உலகமே குடிவந்துவிடும் என்று யார் நினைத்தார்கள்?

முதலில் வந்தவர்களுக்குக் கேட்டபடி கிடைத்தது. எம்ஐடி என்ற ஒரே பல்கலைக்கழகம் ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகளை வைத்திருந்தது. 2017இல் அதில் ஒரு பகுதியை அமேசானுக்கு விற்றது. நம் நாட்டுக்கு இணையத்தைக் கொண்டுவந்தது மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சி. ‘லேர்ன்’ எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு 1990 அளவில் மின்னஞ்சலோடு தொடங்கியது. 192.248 என்று தொடங்கும் முகவரிகள் அந்தக் காலத்து வரவு. இன்றைக்கும் நம் பல்கலைக்கழகங்களின் கணினிகள் அவற்றைத்தான் சுமக்கின்றன. இந்த வலையமைப்பின் தலைமையிடம் இப்போது பேராதனையில் இருக்கிறது, தேயிலை மலைகளுக்கு நேர் அடிவாரத்தில். மலைக்கு மேலே வந்துசேர அதற்கு நேரம் பிடித்தது.

1995இல் லங்கா இன்டர்நெட் நிறுவனம் வணிகச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், முகவரி தீரப்போகிறது என்று கவலைப்பட்ட பொறியாளர்கள் புதிய நெறிமுறையின் முதல் விதிமுறையை வெளியிட்டார்கள். நம் நாட்டுக்காரர் காசு கொடுத்து இணையத்துக்குள் காலெடுத்து வைத்த ஆண்டிலேயே பழைய முறைக்கு மாற்று தயாராகிவிட்டது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். புதியதில் முகவரிக்கு 128 பிட். 34க்குப் பின்னால் 37 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கை. தீரவே தீராது. ஒரே குறை, பழையதோடு அது நேராகப் பேசாது. தொலைபேசியில் முன்னால் ஒரு 2 ஒட்டியதுபோல ஒட்ட முடியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட வேண்டும், அல்லது நடுவில் மொழிபெயர்க்கும் பெட்டி வைக்க வேண்டும்.

இதற்கிடையில் அவசரத்துக்கு ஓர் ஒட்டுவேலை கண்டுபிடித்தார்கள். 1994இல் அது எழுத்தில் வந்தது. ஒரு கட்டடத்துக்குள் எத்தனை கணினி இருந்தாலும் வெளியே ஒரே முகவரி. அது எப்படி வேலை செய்கிறது என்று தோட்டத்தில் பிறந்தவருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. லயத்துக்கு இலக்கம் உண்டு, ஆனால் தபால் திணைக்களத்துக்கு அது முகவரி ஆகாது. கடித உறையில் பெயர், டிவிசன், தோட்டம், கிட்டிய தபாலகம் என்று எழுதுவார்கள். தபால்காரர் மொத்தக் கட்டையும் தோட்ட ஆபீசில் போட்டுவிட்டுப் போவார். அங்கிருந்து காம்பிராவுக்குப் போய்ச்சேர்வது ஆபீசின் கையில். உள்ளே இருப்பவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் எப்படியோ வந்துவிடும். வெளியிலிருந்து முன்பின் தெரியாதவர் ஒரு குறிப்பிட்ட காம்பிராவைத் தேடிவர வழியில்லை. நேர்முகத்தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த மறுவாரம் கைக்கு வந்த கதை மலையகத்தில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். இணையத்தில் இந்த வேலையைச் செய்யும் பெட்டி ஆபீஸ் மூலையில் விளக்கு மினுக்கும் ரவுட்டர். உள்ளிருந்து கேட்டால் பதில் வரும். வெளியிலிருந்து தட்டினால் கதவு திறக்காது.

தபால் முகவரிப் பிரச்சினைக்கு அடியில் ஒரு சட்டமும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபைகள் பணம் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. தோட்டத்துக்காரர் வாக்குப் போட்டுச் சபையைத் தேர்ந்தெடுப்பார். சபையின் பாதை தோட்ட எல்லையில் நின்றுவிடும். பாதைக்குப் பெயர் வைக்கச் சபை வராத இடத்தில் வீட்டுக்கு இலக்கம் எங்கிருந்து வரும்? 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவை சபைகள் பிரிந்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் வந்தன.

இணைய முகவரி அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. 2011 பெப்ரவரி 3 அன்று மியாமியில் ஒரு சிறு வைபவம் வைத்து உலகக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகளைக் கண்டங்களின் பதிவகங்களுக்குப் பகிர்ந்தார்கள். ஆசிய பசிபிக் பகுதிக்குப் பொறுப்பான ஏப்னிக் பிரிஸ்பேனில் இருக்கிறது. அதன் தாராளக் கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று வற்றியது. உலகிலேயே முதலில் வற்றியது நம் பகுதிதான். அதன்பின் கடைசித் தொகுதியிலிருந்து எந்த நிறுவனத்துக்கும் 1,024 முகவரிக்கு மேல் கிடையாது. 2019இல் அதையும் 512 ஆக்கினார்கள்.

மலையகத்தில் பெரும்பாலானோர் இணையத்தை முதன்முதலில் தொட்டது எப்போது என்று நினைத்துப் பாருங்கள். 2005இலிருந்து வந்த ‘நெனசல’ நிலையங்களில் சிலர் கணினியைப் பார்த்திருந்தார்கள். ஆனால் கையில் இணையம் என்பது மலிவான தொடுதிரைக் கைபேசி வந்தபின். கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் வாங்கி அனுப்பிய கைபேசிகள் அவை. அப்படி இவர்கள் வந்து நின்றபோது மேசையில் இலக்கம் இல்லை. கைபேசி நிறுவனங்கள் வேறு வழியின்றி ஒரே முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோரை அடுக்கின. அதற்கென்றே 2012 ஏப்ரலில் தனியாக ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கினார்கள். தபாலிலும் ‘மேற்பார்வை’ முகவரி, இணையத்திலும் அதே கதி. இரண்டாவது கதிக்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. பிந்தி வந்ததற்குக் கிடைத்த பங்கு, அவ்வளவுதான். ஆனாலும் மனம் ஒப்பிடத்தான் செய்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த அத்தியாயத்தின் எதிர்பாராத திருப்பம். புதிய முகவரி முதலில் யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டிருந்தால் எல்லாரும் வங்கி, அரசாங்கக் கந்தோர், பெரிய கம்பனி என்றுதான் சொல்லியிருப்பார்கள். நடந்தது தலைகீழ். 2012 ஜூன் 6 அன்று கூகுளும் பேஸ்புக்கும் மற்றும் பல பெரிய நிறுவனங்களும் ஐபிவி6ஐ நிரந்தரமாகத் திறந்துவிட்டன. 2016 ஜூன் முதல், ஐபிவி6 மட்டுமே உள்ள வலையமைப்பில் ஓடாத செயலிகளை ஏற்க மாட்டோம் என்று ஆப்பிள் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் ஜியோ தொடங்கியபோது ஐபிவி6ஐ அடித்தளமாக வைத்தே கட்டினார்கள்; இந்தியா சில ஆண்டுகளில் உலகப் பட்டியலின் உச்சிக்குப் போனது. இலங்கைக் கைபேசி வலையமைப்புகளிலும் அது பரவியது. கைபேசி நிறுவனத்துக்கு இது ஒரே இடத்தில் எடுக்கும் முடிவு. கோபுரம் அவர்களுடையது, சிம் அவர்களுடையது, கைபேசிகளுக்குள் புதிய நெறிமுறை ஏற்கனவே இருக்கிறது. வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியதில்லை, சொல்லவும் இல்லை. கொழுந்து மலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யூடியூப் பார்க்கும் பெண்ணின் கைபேசிக்கு உலகில் வேறெதற்கும் இல்லாத முகவரி இருக்கக்கூடும். அவர் பெயர் பதியும் செக்ரோல் கணினியோ தோட்ட ஆபீசில் இன்னும் 1994இன் ஒட்டுவேலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

நிறுவனங்கள் ஏன் பின்தங்கின? ஒரு நடுத்தரத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆபீசில் நாலைந்து கணினிகள். பிரட்டுக்களத்தில் கைரேகை இயந்திரம். கொழுந்து மடுவத்தில் இலத்திரனியல் தராசு. தொழிற்சாலையில் டீமேக்கரின் கணினியும் சிசிடிவி பெட்டியும். துரை பங்களாவில் வைஃபை. மாதாமாதம் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு இணையவழியே போகிறது. இவற்றில் எந்தெந்தக் கருவி வலையமைப்பில் இருக்கிறது, யார் வாங்கியது, எந்த ஆண்டு, கடவுச்சொல் யாரிடம் என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆளும் கிடைக்க மாட்டார். நூற்றைம்பது ஆண்டாக ஒவ்வொரு ஆளின் ஒவ்வொரு நாளையும் பேரேட்டில் ஏற்றிய நிர்வாக மரபுக்கு, கருவிகளுக்குப் பேரேடு போடும் பழக்கம் வரவில்லை. மாற்றத்துக்கு ஆயத்தம் என்பதில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலை எழுதுவதுதான். கேபிளும் பெட்டியும் பிறகு.

பட்டியல் கையில் வந்ததும் கசப்பான ஓர் உண்மை தெரியும். “எங்களிடம் ஐபிவி6 இல்லை” என்று சொல்லும் ஆபீசுக்குள் அது பல ஆண்டாக இருக்கிறது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து எல்லாக் கணினிகளிலும் அது தானாகவே விழித்திருக்கிறது. ஆனால் வாசலில் வைத்த பழைய காவல்பெட்டிக்கு ஐபிவி4 மட்டுமே கண்ணுக்குத் தெரியும். இணைய நிறுவனம் ஒருநாள் தன் பக்கத்தில் புதியதைத் திறந்தால் காவலில்லாத இரண்டாவது வாசல் ஒன்று உருவாகிறது. எனவே ஐபிவி6 வேண்டாம் என்பவரும் அதைப் படித்தே ஆக வேண்டும். இதைச் சொன்னால்தான் நிர்வாகிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். முகவரி தீர்ந்த கதையை எவ்வளவு விளக்கினாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முகவரித் திட்டம் போடுவது இதில் இன்பமான பகுதி. ஒரு நிறுவனத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் தொகுதியை 65,536 உள்வலைகளாகப் பிரிக்கலாம். மேல் டிவிசனுக்கு ஒன்று, கீழ் டிவிசனுக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு, மருந்தகத்துக்கு, பிள்ளை மடுவத்துக்கு, சிசிடிவிக்கு என்று அள்ளிக் கொடுத்தாலும் மேல்மட்டம்கூடக் குறையாது. இருபது ஆண்டு கஞ்சத்தனமாகப் பழகிய பொறியாளர்களுக்குத் தாராளமாகப் பிரிக்கக் கை வருவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் எண்ணி எண்ணிக் கொடுக்கிறார்கள்.

ஆனால் தோட்ட ஆபீஸ் தனியாக முடிவெடுக்க முடியாது. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் முகாமை 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனதிலிருந்து கணினித் தீர்மானம் எல்லாம் கொழும்புத் தலைமையகத்தில். தலைமையகம் கேட்கும் கேள்வி ஒன்றே: இதனால் என்ன வரும்? நேர்மையான பதில், கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் வராது. வேகம் கூடாது, பில் குறையாது. தலவாக்கலையிலிருக்கும் சிசிடிவியைக் கொழும்பிலிருந்து சுற்றுவழி இல்லாமல் பார்க்கலாம். ஏதாவது முறைகேடு நடந்தால் எந்தக் கருவி என்று ஒரே முகவரியில் பிடிக்கலாம். இதற்காக இந்த நிதியாண்டில் காசு ஒதுக்க எந்தக் கணக்காளரும் துள்ளிக் குதிக்கமாட்டார்.

அரசாங்கங்கள் நாள் குறித்தும் பார்த்தன. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் வழிகாட்டித் திட்டம் வெளியிட்டு, அரசு நிறுவனங்கள் 2012 மார்ச்சுக்குள் மாற வேண்டும் என்றது. 2013இல் இரண்டாம் திட்டம் போட்டு 2017 டிசம்பர் என்றது. பிறகு 2022 ஜூன். அமெரிக்க அரசு 2020 நவம்பரில், 2025 நிதியாண்டு முடிவதற்குள் தன் வலையமைப்புக் கருவிகளில் 80 வீதம் ஐபிவி6 மட்டும் கொண்டு இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. போஸ்டலும் செர்ஃபும்போல ஒருநாள் அடைத்துக்காட்டும் துணிவு இன்று யாருக்கும் இல்லை. அடைத்தால் நிற்பது சில நூறு கணினியா என்ன?

கட்டாயம் வந்தால் நம் ஆட்கள் மாறமாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று தொடங்கி வாய்விட்டுக் கூவியே நடந்தது. மின்னணு ஏலத்துக்கு மாறுவதைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் பேச்சு மட்டும் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஏலம் இணையத்துக்குப் போய்விட்டது. ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் பழக்கம் சில நாட்களில் மாறியது. அதே ஊரடங்கில் தோட்டப் பிள்ளைகள் பாடத்துக்குச் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறியதையும் மறக்கவில்லை. கோபுரமே எட்டாத டிவிசனில் நின்று நெறிமுறைப் பதிப்பு பற்றிப் பேசினால் அடிக்க வருவார்கள். வரிசையில் கோபுரம் முதலாவது, நெறிமுறை இரண்டாவது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே தோட்ட ஆபீஸ்களில் இந்த மாற்றம் திட்டம் போட்டு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே ரவுட்டர் மாறுவது ஒரே காரணத்துக்காக. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் பிற்பகல் இடி இறங்கும்போது தொலைபேசிக் கம்பிவழி மின்னல் வந்து பெட்டியைச் சுட்டுவிடும். மறுநாள் பெரிய கிளாக்கர் ஹட்டனுக்கு ஆள் அனுப்பிப் புதியது வாங்குவார். கடையில் இருப்பதில் விலை குறைந்தது எது என்று மட்டும் கேட்காமல், ஐபிவி6 ஓடுமா, அதற்கும் சேர்த்துக் காவல் இருக்குமா என்று துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்பினால் அந்தத் தோட்டத்தின் ஆயத்தம் தொடங்கிவிட்டது என்று கணக்கில் ஏற்றலாம். மின்னல் வருமுன் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. இடி விழுந்த மறுநாள் ஆபீசில் யாருக்கும் பொறுமை இருக்காது.

(தொடரும்)